லாங்கி கிராமத்தில் சைரன் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர் 26 சுனாமி நினைவு நாளையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தை வரி விடாமல் படித்தேன். நினைவுத் தூண்களில் மலர் வளையம் வைத்தவர்கள், கடலில் பால் ஊற்றிய தாய்மார்கள், ஹைதராபாத்தில் இயங்கும் எச்சரிக்கை மையம் எல்லாமே வந்திருந்தன. பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் வாழும் பழங்குடி மக்கள் இயற்கையின் குறிப்பறியும் ஆதி அறிவு பெற்றவர்கள், அதனால் 2004இல் தப்பித்தார்கள் என்று நாலே வரியில் அது முடிந்துவிட்டது. அந்த நாலு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அவர்கள் தப்பித்தது உண்மை. ஆனால் காரணத்தை ஆதி அறிவு என்று எழுதிவிட்டால், நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லாமல் போய்விடுகிறது. பிறவியோடு வரும் அறிவை யாரும் யாருக்கும் கற்றுத்தர முடியாது. சிமெலுவே மக்களுடையது பெரியவர்கள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த அறிவு. அது எந்த நாளில் தொடங்கியது என்பதற்குத் தேதியே இருக்கிறது.

நான் தரங்கம்பாடி வட்டத்தில் கடலோரப் பள்ளி ஒன்றில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். மீனவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்த ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைக் கடலுக்குக் கொடுத்தேன். அதன் பிறகு சிமெலுவே பற்றி எங்கே எது வந்தாலும் தேடிப் படிக்கிறேன். கடலியல் படித்த என் அக்கா மகன் ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டுவந்து கொடுத்து, எனக்குப் புரியாத இடங்களை விளக்கியும் சொல்வான். ஆகவே அந்தத் தீவைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

சுமத்ராவின் வடமேற்குக் கரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் நீளவாக்கில் கிடக்கும் தீவு சிமெலுவே. நூறு கிலோமீட்டர் நீளம் இருக்கும். ஆச்சே மாகாணத்தைச் சேர்ந்தது. 1999இல் தனி மாவட்டமாக்கினார்கள். தலைநகர் சினாபாங். கிராம்பும் தென்னையும் பயிரிடுகிறார்கள், எருமை வளர்க்கிறார்கள், சிங்கி இறால் பிடிக்கிறார்கள். தேவாயன், சிகுலாய் என்று தீவுக்குள்ளேயே தனித்தனி மொழிகள் உண்டு. பெரும்பாலோர் இஸ்லாமியர். பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் உள்ள சாதாரணக் கடற்கரை மக்கள் அவர்கள். பெட்டிச் செய்தியைப் படிப்பவர்கள் மனத்தில் எழும் காட்டுவாசிச் சித்திரத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

1907 ஜனவரி 4ஆம் தேதி அந்தப் பகுதியில் பூமி அதிர்ந்தது. பின்னாலேயே கடல் ஏறி வந்தது. சிமெலுவேயில் ஊர் ஊராக மக்கள் மாண்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பாட்டன் பாட்டிகளாகித் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். மாலைத் தொழுகைக்குப் பிறகு வீட்டில் சொன்னார்கள். கிராம்பு பறிக்கும்போது சொன்னார்கள். பாட்டாகப் பாடினார்கள். கதைக்கும் அதில் வரும் பேரலைக்கும் ஸ்மோங் என்றே பெயர். கதையின் உள்ளடக்கம் மிகவும் எளியது: நிலம் பலமாக நடுங்கினால் விழிப்பாக இரு, நடுக்கத்துக்குப் பின் கடல் உள்வாங்கினால் பொருள் எடுக்கத் திரும்பாதே, குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு குன்றுக்கு ஓடு.

இந்தக் கதையில் பேயும் கிடையாது, சாபமும் கிடையாது, கடலின் கோபமும் கிடையாது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். செத்தவர்களுக்காக அழுதவர்கள், அழுகையோடு நிறுத்திவிடாமல், என்ன அறிகுறி வந்தது, எந்த வரிசையில் வந்தது, பிழைத்தவன் என்ன செய்தான் என்பதைப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு விஞ்ஞானி செய்ய வேண்டிய வேலையை எழுத்தறியாத பாட்டிகள் செய்து முடித்திருக்கிறார்கள்.

லாங்கி என்பது தீவின் வடமேற்கு முனையில், அலாஃபான் வட்டாரத்தில் உள்ள சிறிய கடற்கரைக் கிராமம். 2004 டிசம்பர் 26 அன்று அந்தப் பெரும் பூகம்பம் தொடங்கிய இடத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. மனிதர் வாழும் ஊர்களில் அத்தனை அருகில் இருந்தவை மிகக் குறைவு. உள்ளூர் நேரப்படி காலை 7.58க்கு நடுக்கம் தொடங்கியது. ரிக்டர் காலத்துப் பழக்கத்தில் நாம் இன்னும் ரிக்டர் என்கிறோம்; இன்று ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அளவுகோலில் அது 9.1. எழுந்து நிற்க முடியாத நடுக்கம். அது அடங்கிய சுமார் எட்டு நிமிடத்தில் அலை வந்துவிட்டது. உயரம் பத்து முதல் பதினைந்து மீட்டர். ஆய்வாளர்கள் பின்னர் போய்ப் பார்த்தபோது வீடுகளின் அடித்தளம் மட்டுமே எஞ்சியிருந்தது. ஊரில் இருந்தவர்கள் சுமார் 800 பேர். ஒருவர்கூடச் சாகவில்லை. எல்லோரும் ஊருக்குப் பின்னால் உள்ள குன்றில் இருந்தார்கள்.

தீவு முழுவதற்குமான கணக்கையும் சொல்கிறேன். அன்றைய மக்கள்தொகை சுமார் 78,000. அலைக்குப் பலியானோர் ஏழு பேர் என்று பதிவாகியுள்ளது.

எட்டு நிமிடம் என்பதைத் தங்கள் வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பசிபிக் பெருங்கடல் நாடுகளுக்காக ஹவாயில் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் அன்றைக்குத் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது பூகம்பம் தொடங்கிப் பதினைந்து நிமிடம் கழித்து. அந்த அறிக்கையில் பூகம்பத்தின் அளவு 8.0 என்று குறைவாகவே மதிப்பிடப்பட்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் திறமைசாலிகள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அத்தனை பெரிய பூகம்பத்தை அவ்வளவு விரைவாக அளக்கும் வசதி அன்று யாரிடமும் இல்லை. லாங்கியில் சைரன் இருந்திருந்தாலும், அதை இயக்குவதற்கு ஓர் அலுவலகம் இருந்திருந்தாலும், அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்திருந்தாலும், அந்த எட்டு நிமிடம் போதாமல் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு யாரும் செய்தி அனுப்பத் தேவையிருக்கவில்லை. செய்தி ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

இதே பூகம்பத்தை, இதே கடுமையில், ஆச்சேயின் பெருநிலக் கரையிலும் மக்கள் உணர்ந்தார்கள். அங்கே மேற்குக் கரையில் ஜந்தாங் என்ற ஊர். அந்தக் கரையில் இப்படிப்பட்ட கதை வழக்கில் இல்லை. நிலம் நடுங்கியது, வீடு இடிந்தது, வெளியே வந்து நின்றார்கள். அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. ஓடுவதற்கு அவகாசம் இருந்தும் ஓட வேண்டும் என்று தெரியாமல் ஏராளமானோர் மாண்டார்கள். லோக்ங்கா பக்கம் அலை முப்பது மீட்டருக்கும் மேல் ஏறியது. பண்டா ஆச்சே நகரில், கடலில் நின்ற 2,600 டன் மின்நிலையக் கப்பலை நீர் தூக்கிக்கொண்டுபோய் ஊருக்குள் வைத்தது. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது, பார்க்கப் போகிறார்கள். இந்தோனேசியாவில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல். கடல் ஒன்று, பூகம்பம் ஒன்று, நாள் ஒன்று. நம் பெட்டிச் செய்தி சொல்வதுபோல் இயற்கையோடு ஒட்டி வாழ்வதுதான் காரணம் என்றால், ஜந்தாங் மீனவர்களும் கடலோடுதான் வாழ்ந்தார்கள். எங்கள் கரையின் பட்டினவ மீனவர்களும்தான். கொண்டலும் வாடையும் சோழகமும் எப்போது திரும்பும் என்று வாசனையில் சொல்பவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். அவர்களும் போய்விட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 இரவு பதினோரு மணிக்கு மேல், சிமெலுவேக்கும் நியாஸ் தீவுக்கும் அருகே மறுபடியும் 8.6 அளவில் பூமி அதிர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் நியாஸில், இடிந்த கட்டடங்களுக்குள். ஸ்மோங் கதையால் இடியும் சுவரைத் தடுக்க முடியாது. அது அலைக்கான கதை; அந்த வேலையை மட்டும் செய்யும்.

அந்தத் தீவின் பவளப்பாறைகளைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல ஆசை. புவியியல் ஆசிரியையாக எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி. 2004 பூகம்பத்தில் சிமெலுவேயின் வடமேற்கு முனை சுமார் ஒன்றரை மீட்டர் மேலே உயர்ந்துவிட்டது. கடலுக்கடியில் இருந்த பவளங்கள் ஒரே காலையில் வெயிலுக்கு வந்து செத்து வெளுத்தன. 2005இல் தெற்குப் பகுதி உயர்ந்தது. பவளம் கடல்மட்டத்துக்கு மேல் வளராது. ஆண்டுக்கு ஒரு வளையமாக வளரும். ஆகவே நிலம் எப்போதெல்லாம் ஏறியது, எப்போதெல்லாம் இறங்கியது என்பது அதன் உடம்பிலேயே பதிவாகியிருக்கும். ஆய்வாளர்கள் வடக்கு சிமெலுவேயின் பழைய பவளங்களை அறுத்துப் பார்த்து, 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 15ஆம் நூற்றாண்டின் நடுவிலும் இதேபோன்ற எழுச்சிகள் நடந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட பேரதிர்வுகளுக்கிடையே பல தலைமுறைகள் கடந்துவிடுகின்றன. பவளம் மறக்கவில்லை, மனிதர்கள் மறந்துவிட்டார்கள். 1907ஐ மட்டும் மறக்காமல் வைத்திருந்தார்கள், அது அவர்களைக் காப்பாற்றியது. ஆகவே ஸ்மோங் ஆயிரமாண்டுப் பழமை கொண்டது அல்ல. 2004இல் அதற்கு வயது 97. நமக்கு நம்பிக்கை தருவதே இந்த வயதுதான். நூறு ஆண்டுக்குள் ஒரு கதையை உண்டாக்கி, மெருகேற்றி, தீவு முழுவதும் பரப்பிவிட முடியும் என்றால், நம்மாலும் முடியும்.

ஆனால் அவர்கள் கதையை அப்படியே எடுத்து நம் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இப்போது நடந்துகொண்டிருப்பது அதுதான்.

அண்மையில் என் பழைய பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பேச அழைத்திருந்தார்கள். எல்லோரும் அலைக்குப் பின் பிறந்தவர்கள். சுனாமி வந்தால் எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன். "கைப்பேசிக்குச் செய்தி வரும் டீச்சர்" என்றாள் ஒரு பெண். வரவில்லை என்றால் என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, "கடல் உள்ளே போகும் டீச்சர். அதைப் பார்த்ததும் ஓட வேண்டும்" என்றான். வகுப்பே ஆமாம் என்றது. ஏதோ ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார்கள். தாய்லாந்திலோ சுமத்ராவிலோ எடுத்தது. அந்தக் கரைகளுக்கு அது சரி.

நம் கரைக்கு அது பாதிதான் சரி. 2004 பூகம்பத்தில் கடலடி நிலம் ஒரு பக்கம் தாழ்ந்தது, ஒரு பக்கம் உயர்ந்தது. தாழ்ந்த பக்கம் கிழக்கே, தாய்லாந்தை நோக்கி. அந்தத் திசையில் முதலில் போனது பள்ளம். அதனால் அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. உயர்ந்த பக்கம் மேற்கே, நம்மை நோக்கி. நம் திசையில் முதலில் வந்தது மேடு. சென்னைத் துறைமுகத்தில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலைமானியின் பதிவிலும் முதல் அசைவு ஏற்றம்தான். நம் கரையில் பல இடங்களில் கடல் வெகுதூரம் உள்வாங்கியது முதல் அலை வந்து திரும்பியபோது. என்ன அதிசயம் என்று பார்க்கவும், புரண்டு கிடந்த படகைப் பிடிக்கவும், பிள்ளையைத் தேடவும் மக்கள் கரைக்கு ஓடிய நேரம் அது. பின்னால் வந்த பெரிய அலை அவர்களைக் கொண்டுபோனது. கடல் உள்வாங்கும் வரை காத்திரு என்று அந்தப் பையன் மனத்தில் பதிந்திருந்தால், மேடு முதலில் வரும் ஒரு நாளில் அவன் நின்றுகொண்டே இருப்பான்.

நடுக்கமும் அப்படித்தான். லாங்கியில் நிலம் எழுந்து நிற்க விடவில்லை. நமக்குச் சென்னையில் சிலர் கட்டில் ஆடியதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் பெரும்பாலோர் எதையும் உணரவில்லை. பூகம்பம் நம் நேரப்படி காலை 6.28க்கு, அலை எங்களை எட்டியது இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கழித்து. இரண்டு மணி நேரம்! லாங்கிக்குக் கிடைத்ததைப்போல் பதினைந்து மடங்கு. அந்த நேரத்தில் எங்கள் கரையில் மீன் ஏலம் போய்க்கொண்டிருந்தது, பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், கிறிஸ்துமஸ் முடிந்து வேளாங்கண்ணிக்கு வந்திருந்த கூட்டம் கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

மூன்றாவதாக, நமக்குக் குன்று இல்லை. தரங்கம்பாடியிலிருந்து வேதாரண்யம் வரை ஏறி நிற்க ஒரு குன்று காட்டுங்கள் பார்க்கலாம். நமக்கு இருப்பவை மாடி வீடுகள், பள்ளிக் கட்டடங்கள், மணல் மேடுகள், கோயில் கோபுரம், மேற்கே போகும் சாலை. அந்தச் சாலைக்கும் நமக்கும் நடுவே உப்பனாறோ கழிமுகமோ குறுக்கே கிடக்கிறது. அன்றைக்கு மேற்கே ஓடியவர்களில் எத்தனையோ பேரை ஆற்றுவாய் வழியாக ஏறி வந்த நீர் எதிரே வந்து மடக்கியது. சீமைக் கருவேல முள்ளில் சேலையும் கூந்தலும் சிக்கி மாண்ட பெண்கள் உண்டு. எங்கள் கரையில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்ததற்கு இவையும் காரணம். நீந்தக் கற்றுக்கொடுக்காமல் வளர்த்ததும் காரணம். இவற்றையெல்லாம் சொல்லும் கதை ஒன்று நமக்கு வேண்டும். இது லாங்கியில் கிடைக்காது.

எச்சரிக்கை மையம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. நம் கரைக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது என்பதால், லாங்கியைக் காட்டிலும் நமக்குத்தான் ஹைதராபாத் மையம் உண்மையாகவே பயன்படும். 2007 முதல் அது நம்மிடம் இருப்பது பெரிய ஆறுதல். பாட்டி கதையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் இந்தோனேசியாவே காட்டியிருக்கிறது. 2010 அக்டோபரில் மெந்தாவாய் தீவுகளில் நிலம் மெதுவாகத்தான் ஆடியது. இது பெரிதல்ல என்று பலர் இருந்துவிட்டார்கள். பெரிய அலை வந்து நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2018 டிசம்பரில் அனாக் கிரக்கத்தாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தபோது, சுந்தா நீரிணைக் கரையில் நிலநடுக்கம் என்ற முன்னறிவிப்பே இல்லை. அங்கேயும் நானூறுக்கு மேல். அதே ஆண்டு செப்டம்பரில் பாலு நகரில் கருவியும் கைகொடுக்கவில்லை. விரிகுடாவுக்குள் சில நிமிடங்களிலேயே அலை வந்தது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்துபோயின. ஒரு கரைக்குக் கருவியும் வேண்டும், கதையும் வேண்டும். கருவிக்கு அரசு செலவு செய்கிறது. கதைக்கு யார் பொறுப்பு?

எங்களுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் எச்சரிக்கைக் கோபுரம் நிற்கிறது. கடைசியாக எப்போது ஒலித்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டேன். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். ஒலித்தால் எந்தப் பக்கம் போவது என்று கேட்டேன். அதற்கும் ஆளுக்கு ஒரு பதில். முதல் கேள்விக்கான பதிலை அதிகாரிகள்தான் சரிசெய்ய முடியும். இரண்டாவதை நாமே செய்துகொள்ளலாம்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூகம்பம் வந்தது தங்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் அலுவலகங்களை விட்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள், நம் கரைக்கும் எச்சரிக்கை வந்தது, பிறகு விலக்கிக்கொண்டார்கள். அந்த முறை நிலத்தட்டுகள் பக்கவாட்டில் உரசியதால் பெரிய அலை எழவில்லை. அப்போது எங்கள் பகுதியில் நான் கேட்ட பேச்சு, சும்மா பயமுறுத்திவிட்டார்கள் என்பது. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. ஓடிப் பழகிய ஊர் என்று பெருமைப்பட வேண்டிய நாள் அது. ஓடியவர்களைக் கேலி செய்தால் அடுத்த முறை ஓடுவதற்குப் பிள்ளைகள் தயங்குவார்கள்.

நம்மிடம் பழைய நினைவு எதுவும் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே நடந்த பூகம்பத்தின் அலை நாகப்பட்டினத்து அலைமானியில் பதிவாகியிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காகிதத்தில் வைத்திருந்தார்கள். அலை சிறியது, ஆள் சேதமில்லை, ஆகவே ஊரில் யாரும் பேசி வைக்கவில்லை. கடல்கொண்ட ஊர்களைப் பற்றி நம் இலக்கியத்திலும் உண்டு. படித்தால் நெஞ்சு கனக்கும். ஆனால் கடல் வந்தபோது பிழைத்தவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று அந்தப் பாட்டுகள் சொல்வதில்லை. நம் நினைவு நாள் நிகழ்ச்சிகளும் அதே வழியில் போகின்றன. பூ வைக்கிறோம், அழுகிறோம், கலைகிறோம். அழுவதற்கு எனக்கும் காரணம் இருக்கிறது. அந்தத் தூணில் நான் பாடம் சொன்ன பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அடுத்த தெருவில் நின்ற பிள்ளைகள் எப்படித் தப்பித்தார்கள் என்பது அந்தத் தூணில் எழுதப்படவில்லை.

தப்பித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள்; அன்று அறுபதில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1907க்குப் பின் சிமெலுவே இருந்த நிலையில்தான் நாம் இப்போது இருக்கிறோம். கண்ணால் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும் இந்தக் காலத்தில் கதை உருவாகாவிட்டால் பிறகு உருவாகாது.

ஆகவே தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் மாணவர் இணைப்பில், டிசம்பர் மாதத்தில், கடலோர ஊர் ஒவ்வொன்றிலும் அன்று நடந்ததன் கணக்கையும் அந்த ஊர்க்காரர்கள் வாயால் சொன்னபடியே வெளியிடுங்கள். சோகக் கதையாக வேண்டாம். என்னென்ன கேட்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருகிறேன்: தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கடலிலிருந்தா, ஆற்றுவாயிலிருந்தா? முதல் அலைக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நேரம் இருந்தது? எது பெரியது? எந்தத் தெரு வரை வந்தது? எந்த வழியில் போனவர்கள் பிழைத்தார்கள், எந்த வழி அடைபட்டது? எந்த மாடியில் ஏறி நின்றார்கள், அந்த மாடி இன்னும் இருக்கிறதா? படுத்த படுக்கையாக இருந்தவர்களை யார் தூக்கினார்கள்? எப்போது கீழே இறங்கலாம் என்று எப்படி முடிவு செய்தார்கள்? இந்தக் கேள்விகளை ஒரு பிள்ளை தன் பாட்டியிடம் கேட்டு எழுதினால், பாட்டி சொன்னதும் பதிவாகும், பிள்ளைக்கும் வழி தெரிந்துவிடும். ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும். மொத்தத் தமிழகக் கரைக்கும் பொதுவாக ஒரு கதை எழுதினால் யார் காலுக்கும் அது வழி காட்டாது. பாட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கணக்கு வந்துவிட்டால் பாட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நாட்டார் பஞ்சாயத்துகளுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் இதே வேண்டுகோளைத் தனியாக எழுதியிருக்கிறேன். ஆனால் பத்திரிகையில் வரும் என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் உற்சாகமாகச் செய்வார்கள். இத்தனை ஆண்டு வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். தாங்கள் அரைப்பக்கம் ஒதுக்க முடிவு செய்தால் போதும். முதல் கணக்கை எங்கள் தெருவிலிருந்து, என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் சொல்லச் சொல்ல, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே எழுதி அனுப்புகிறேன். அடுத்த கணக்குக்கு எந்த ஊரைக் கேட்பது என்பதைத் தாங்கள் அறிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
தரங்கம்பாடி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.